யாரையும் கேட்காமல் எதையெல்லாம் வரையலாம்?

கேள்வி: ஐயா, நான் காரைக்குடியில் இருக்கும் ஓவியர். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதன் வளவுச் (உள்முற்றத்துச்) சுவர்களுக்கு ஒன்பது பெரிய படங்கள் செய்துதரும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. வரைவதும் ஒட்டுவதும் கலந்ததுதான் என் பாணி. ரவி வர்மா அச்சுப்படம், கொண்டையராஜுவின் காலண்டர் லட்சுமி, எங்கள் ஐயா ரங்கூன் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோ, முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் வாங்கிய முகம் தெரியாதவர்களின் போட்டோக்கள், தீப்பெட்டி லேபிள், ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ டிசைன், கண்ணதாசன் வரி ஒன்று என எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் ஒரு பெங்களூர்க்காரர் போட்டிருந்த வீட்டு முகப்புப் படத்தைப் பார்த்து ஆறடிக்கு நாலடியில் வரைந்தும் முடித்துவிட்டேன். பிறகு இவற்றையே அச்சுப்படமாகவும் காபிக் கோப்பையிலும் போட்டு ஓட்டல் கடையில் விற்கும் யோசனையும் இருக்கிறது. கூட இருப்பவர்கள் ‘30 சதவீதம் மாற்றிவிட்டால் போதும்’ என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகன் ‘கலைஞர்களுக்கு ஃபேர் யூஸ் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டாம்’ என்கிறான். உண்மையில் எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 30 சதவீதக் கணக்கை முதலில் தள்ளிவைத்துவிடுவோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டினாலும் அப்படி ஒரு சதவீதம் கிடையாது. ஓவியர்கள் மட்டுமில்லை, ஃபிளெக்ஸ் அடிப்பவர்கள், யூடியூப்காரர்கள், கல்யாணப் பத்திரிகை போடுகிறவர்கள் எல்லோரும் இதே எண்ணைச் சொல்கிறார்கள். சிலர் 20 என்பார்கள், சிலர் 40. நீதிமன்றம் பார்ப்பது வேறு. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அடிப்படை: கருவுக்கும் கதைப்பொருளுக்கும் உரிமை கிடையாது, அதை ஒருவர் வெளிப்படுத்தியிருக்கும் விதத்துக்குத்தான் உரிமை. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ஆள் ‘இது அதன் நகல்தான்’ என்று சந்தேகமில்லாமல் நினைப்பாரா என்பதே கேள்வி. கீழே ‘நன்றி’ என்று பெயர் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பதும் இதே ரகம்தான். பெயர் போடுவது மரியாதை, போடத்தான் வேண்டும். ஆனால் அது அனுமதி ஆகாது.

சித்தி மகன் சொன்னதில் பாதி உண்மை. ‘ஃபேர் யூஸ்’ என்பது அனுமதி கேட்காமலே நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளும் உரிமை. அமெரிக்கச் சட்டம் நான்கு அளவுகோல்களைக் கொடுத்து ‘நீயே நிறுத்துப் பார்’ என்று விட்டிருக்கிறது. அங்கே கல்லூரிக் கலைச் சங்கம் 2015-ல் ஓவியர்களுக்கும் கலை ஆய்வாளர்களுக்கும் இதற்கென்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. ஆனாலும் 2023-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று அவரைக் கேளுங்கள். லின் கோல்ட்ஸ்மித் என்ற பெண் 1981-ல் பிரின்ஸ் என்ற பாடகரைப் படம் எடுத்தார். அந்தப் படத்தை வைத்து ஆண்டி வார்ஹோல் தன் பாணியில் ஒரு வரிசையே செய்தார். அதில் ஒன்றைப் பிற்பாடு வார்ஹோல் அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்குக் காசுக்குக் கொடுத்தபோது விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்பு. இரண்டுமே பத்திரிகையில் பாடகரின் முகத்தைக் காட்டத்தான் பயன்படுகின்றன, புதுப் பாணி என்பது மட்டும் போதாது என்றது பெரும்பான்மை. வார்ஹோலுக்கே அந்தக் கதி.

நம் சட்டம் இன்னும் இறுக்கமானது. 52-வது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருந்தால் அனுமதி வேண்டாம், இல்லையென்றால் வேண்டும். ‘நியாயமான கையாளல்’ என்பதற்கு அங்கே மூன்றே வாசல்கள்: ஆராய்ச்சி உட்பட சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கை பழகுவதற்காக எந்த ஓவியத்தை வேண்டுமானாலும் பார்த்து வரையலாம். அது முதல் வாசல். விற்கிற படத்துக்கு அந்த வாசல் இல்லை.

இரண்டாவது வாசல் ஓவியர்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடியது, நம் ஆட்கள் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். 1996-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற அரசியல் நாடகத்துக்கு எதிர்நாடகமாக சிவிக் சந்திரன் ஒன்றை எழுதினார். அதே பாத்திரங்கள், பல இடங்களில் அதே வசனங்கள். பாசியின் மனைவி தடை கேட்டார், கிடைக்கவில்லை. எவ்வளவு எடுத்திருக்கிறார், எதற்காக எடுத்திருக்கிறார், எடுத்துச் செய்தது மூலத்தோடு போட்டி போடுமா என்ற மூன்றையும் பார்த்த நீதிமன்றம், மூல நாடகத்தை விமர்சிக்கத்தானே எடுத்திருக்கிறார் என்றது. நீங்கள் நாளைக்கு ஒரு சிவப்பழகு கிரீம் விளம்பரத்தைக் கிண்டல் செய்ய அந்த விளம்பரத்தின் படத்தையே எடுத்துத் திருப்பிப்போட்டு வரைந்தால், இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடலாம். ஆனால் இந்த ஒன்பது படங்களில் நீங்கள் எதையும் விமர்சிக்கவில்லை. கொண்டையராஜுவின் லட்சுமி அழகாக இருக்கிறாள் என்பதற்காக எடுக்கிறீர்கள். அழகுக்காக எடுப்பதற்கு 52-ல் இடமில்லை.

ஆகவே உங்களுக்கு வழி அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஓவியமோ எழுத்தோ, படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. அதன்பின் அது பொதுச் சொத்து. ரவி வர்மா இறந்தது 1906-ல். தாராளமாக எடுங்கள், வெட்டுங்கள், கோப்பையில் போடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: ரவி வர்மா பிரஸ் என்று அடியில் போட்டிருப்பதெல்லாம் அவர் கைப்படம் அல்ல. அவர் அச்சகத்தை விற்ற பிறகும் அதே பெயரில் வேறு ஓவியர்களின் படங்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. வரைந்தவர் பெயரே தெரியாத படமானால், அது வெளியான ஆண்டுக்கு அப்புறம் 60 ஆண்டுகள்தான் கணக்கு. ஆகவே நம் வீட்டு முகப்புகளில் தொங்கும் அந்தக் காலத்து லித்தோ (கல்லச்சு) படங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

கொண்டையராஜு அப்படி அல்ல. கோவில்பட்டியில் இருந்து தமிழ்நாட்டுப் பூஜை அறைகளையெல்லாம் நிறைத்த அந்த மனிதர் காலமானது 1976-ல். ஆகவே 2036 டிசம்பர் 31 வரை அவர் படங்களுக்கு உரிமை உயிரோடு இருக்கிறது. அது குடும்பத்திடம் இருக்கலாம், விலைக்கு வாங்கிய காலண்டர் கம்பெனியிடம் இருக்கலாம். யாரிடமோ இருக்கிறது என்பதே போதும். லட்சுமிக்கு உரிமை கொண்டாட யாராலும் முடியாது; தாமரை, இரண்டு யானை, கொட்டும் காசு எல்லாம் எல்லோருக்கும் பொது. அவர் வரைந்த அந்த முகம், அந்தப் புடவை மடிப்பு, பின்னணியில் அந்த ஏரி, இவைதான் அவருடையவை.

கஜலட்சுமி வேண்டுமானால் உங்கள் வீட்டு நிலைக்கதவுக்கு மேலேயே செதுக்கி வைத்திருப்பார்களே. நூறு வருஷத்துக்கு முன்னால் பெயர் தெரியாத ஒரு ஆசாரி செய்தது. ஏணி போட்டு ஏறி நன்றாகப் பார்த்து வரையுங்கள். யானையின் தும்பிக்கையில் ஒரு குடம், அதன் வாயில் உளி பட்ட சிராய்ப்பு, வருஷக்கணக்கில் பூசிய மஞ்சளும் எண்ணெயும் உறைந்த கறுப்பு. எந்தக் காலண்டரிலும் இது கிடைக்காது. சட்டத்துக்காகச் சொல்லவில்லை, படத்துக்காகவே சொல்கிறேன்.

இங்கே உங்கள் பாணி சம்பந்தமாக ஒரு நுணுக்கம். பழைய காலண்டர் தாளையே வெட்டிப் படத்தில் ஒட்டினால்? அந்தத் தாள் ஏற்கெனவே அச்சாகி, விற்று, உங்கள் கைக்கு வந்த பிரதி. அதை நீங்கள் நகலெடுக்கவில்லை. அப்படி ஒட்டிய ஒற்றைப் படத்தை ஓட்டலுக்கு விற்பதில் பெரிய சிக்கல் வராது என்பதே என் கணிப்பு. ஓவியரை அவமானப்படுத்தும்படி சிதைக்காமல் இருந்தால் சரி. ஆனால் அந்தப் படத்தை ஸ்கேன் செய்து 200 அச்சுப் போட்டால், உள்ளே ஒட்டியிருக்கும் லட்சுமியையும் 200 முறை நகல் எடுத்ததாகத்தான் அர்த்தம். ஓட்டல்காரர்கள் அதைத் தங்கள் வலைத்தளத்தில் பெரிதாகப் போட்டாலும் அதே கதை. சுவரில் தொங்கும் படத்துக்கு ஒரு கணக்கு, கடையில் விற்கும் கோப்பைக்கு வேறு கணக்கு. ஒன்பது படங்களில் எதெது கோப்பைக்குப் போகும் என்பதை இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணதாசன் வரி. சிறுகூடல்பட்டிக்காரர், நம் ஊர்க் கவிஞர், அவர் வரியை நாம் எழுதினால் யார் கேட்பார்கள் என்று தோன்றும். அவர் மறைந்தது 1981-ல். 2041 முடியும் வரை உரிமை இருக்கிறது. திரைப்பாட்டு வரியானால் இசை நிறுவனமும் உள்ளே வரும். அலங்காரத்துக்காக ஒரு வரி எடுப்பது விமர்சனம் ஆகாது. ஒரே ஒரு வரிக்காக யாராவது வழக்குப் போடுவார்களா என்று கேட்டால், சுவரில் இருந்தால் அநேகமாக மாட்டார்கள். கோப்பையில் அச்சடித்து விற்றால் நோட்டீஸ் வரலாம். பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள், பெரிய வேலை இல்லை.

இல்லையென்றால் பாரதி இருக்கிறார். அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் தனியார் கையில்தான் இருந்தது. கடைசியில் அது இருந்தது நம் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பனிடம். 1949-ல் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது, சில ஆண்டுகள் கழித்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. பிற்பாடு தமிழக அரசு பல எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர் எழுத்தை 60 ஆண்டுக் கணக்குப் பார்க்காமலே எடுக்கலாம். அதைவிட எளிது, கணியன் பூங்குன்றனார். அவர் ஊர் நம் மகிபாலன்பட்டிதான் என்பார்கள்; ஓட்டலுக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிக் காட்ட நன்றாக இருக்கும். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், ஆங்கிலத்திலும் போடுங்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். அப்போது கவனம். சங்கப் பாட்டு பொது, மொழிபெயர்ப்பு பொது அல்ல. ஜி.யு. போப் 1908-ல் இறந்தவர், அவர் மொழிபெயர்ப்பை எடுக்கலாம். ஏ.கே. ராமானுஜன் 1993-ல் இறந்தவர், அவருடையதற்கு 2053 வரை அனுமதி வேண்டும். நெட்டில் பெயரில்லாமல் கிடைப்பது ராமானுஜனுடையதாக இருக்கலாம்.

இனி ஐயாவின் ரங்கூன் போட்டோ. உங்கள் கடிதத்தில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயர் பொறித்திருக்கிறது, அந்த ஸ்டூடியோ இப்போது இல்லை, யாரைக் கேட்பது என்கிறீர்கள். யாரையும் கேட்க வேண்டாம். காசு கொடுத்துத் தன்னைப் படம் எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். இன்றைய சட்டத்தின் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது, அதற்கு முன்பிருந்த வெள்ளைக்காரர் காலச் சட்டமும் அதையே சொன்னது. ஸ்டூடியோவில் காசை எண்ணி வைத்தவர் உங்கள் ஐயா. ஆகவே ஸ்டூடியோவுக்கு இதில் பேச்சே இல்லை.

பேச்சு இருப்பது உங்கள் பங்காளிகளுக்கு. பதிப்புரிமையும் சொத்துதான், வீடு இறங்குவதுபோல் அதுவும் வாரிசுகளுக்கு இறங்கும். படம் மாட்டியிருக்கும் சுவர் உங்கள் பங்கில் இருக்கிறது என்பதால் படத்தின் உரிமை உங்களுக்கு மட்டும் ஆகிவிடாது. இவ்வளவு பழைய போட்டோவுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது என்றுகூட வாதாடலாம், அந்தக் காலத்துச் சட்டத்தில் போட்டோவுக்கு 50 ஆண்டுகள்தான். ஆனால் நம் பக்கத்துக் குடும்பங்களில் சட்டத்தில் ஜெயித்து என்ன செய்வது? அப்பச்சியின் அண்ணன் தம்பி வீடுகள், அத்தைமார் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். ‘ஐயா படத்தை வைத்து இப்படி ஒரு படம் செய்கிறேன், ஓட்டல் சுவரில் வரும்’ என்று. கோப்பையில் ஐயா முகம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எச்சில் படுகிற பாத்திரத்தில் மூதாதையரைப் போடுவதா என்று ஒரு ஆச்சியாவது கேட்பார், அவர் கேட்பதில் தப்பும் இல்லை.

முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய போட்டோக்கள் வேறு விஷயம். கடையில் நீங்கள் வாங்கியது அட்டையை. உரிமையை அல்ல, அதை விற்கக் கடைக்காரரிடமும் அது இல்லை. எத்தனையோ வீடுகள் இடிந்தபோது தேக்குத் தூணோடும் ஈயச் சொம்போடும் சேர்ந்து வந்த முகங்கள் அவை. சட்டப்படி இந்த வயதுப் படங்களில் ஆபத்து குறைவுதான். ஆனால் இது மும்பை இல்லை, செட்டிநாடு. நகரத்தார் ஊர்களில் எந்த வீட்டுக் கல்யாணப் போட்டோவைச் சுவரில் மாட்டினாலும், ஆறு மாதத்துக்குள் ஒருவர் வந்து ‘இது எங்க பெரியப்பச்சி’ என்று நிற்பார். முகம் தெரிகிற படங்களைத் தவிர்த்துவிட்டு நகை, உடை, நாற்காலி, பின்னால் தொங்கும் ஸ்டூடியோ திரை இவற்றை மட்டும் எடுத்துக்கொள்வேன், நானாக இருந்தால்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். தொழிலில் 50 தடவைக்கு மேல் அடித்துவிட்ட டிசைனுக்குப் பதிப்புரிமை நிற்காது என்கிறது 15-வது பிரிவு. அதன்பின் பாதுகாப்பு வேண்டுமென்றால் டிசைன் சட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதுவும் அதிகபட்சம் 15 ஆண்டுகள், அந்த வகைப் பொருளுக்கு மட்டும். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றித் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பூவை நீங்கள் துணியில் வரைவதை யாரும் தடுக்க முடியாது. கண்டாங்கிக் கட்டமும் அப்படியே. ஆனால் கண்டாங்கி சேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கட்டத்தை வரையலாம்; வேறெங்கோ அச்சடித்த துணியைக் கண்டாங்கி என்று பெயர் சொல்லி விற்கக்கூடாது. தீப்பெட்டி லேபிள் 1950-க்கு முந்தியது, வரைந்தவர் பெயர் இல்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த பிராண்ட் இன்னும் கடையில் விற்கிறதா என்று மட்டும் பாருங்கள், டிரேட்மார்க் வேறு சட்டம்.

இப்போது அந்த முகப்பு. ஒன்பதில் எனக்குக் கவலை தருவது இது ஒன்றுதான், அதையே நீங்கள் முடித்தும் விட்டீர்கள்.

கட்டடத்தை வரைவதற்கு அனுமதி வேண்டாம். 52-வது பிரிவு அதை வெளிப்படையாகவே சொல்கிறது: கட்டடக் கலைப் படைப்பை ஓவியமாக வரையலாம், போட்டோ எடுக்கலாம், வெளியிடலாம். நேற்றுக் கட்டிய கட்டடத்துக்கே இது பொருந்தும், நூறு வருஷத்து வீட்டுக்குக் கேட்கவே வேண்டாம். தெருவில் நின்று எந்த வீட்டு முகப்பையும் வரையுங்கள். உள்ளே போய் வளவையும் பட்டாலையையும் வரைவதற்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், அது அவர் வாசல் என்பதால்.

ஆனால் நீங்கள் வரைந்தது வீட்டை அல்ல, அவர் எடுத்த போட்டோவை. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாயங்கால வெயில் இடது தூணில் மட்டும் விழுகிறது, திண்ணையில் ஒரு பூனை, மூன்றாவது படியில் யாரோ கழற்றிவிட்ட ஒற்றைச் செருப்பு. உங்கள் ஓவியத்திலும் அதே வெயில், அதே பூனை, அதே செருப்பு. நிறத்தை நீலமாக்கியிருக்கிறீர்கள், மேலே ஒரு கழுகு சேர்த்திருக்கிறீர்கள். வீடு எல்லோருக்கும் பொது. எங்கே நின்று, எந்த நேரத்தில், எதை ஓரத்தில் விட்டு எடுப்பது என்று முடிவு செய்தது அந்தப் பெங்களூர்க்காரர். போட்டோவில் உரிமை இருப்பது அந்த முடிவுகளில்தான். பூனையையும் செருப்பையும் பார்த்தால் எந்த நீதிபதியும் உங்களைக் கேட்பார், இதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம், 62-வது பிரிவு உரிமையாளர் இருக்கும் ஊர் நீதிமன்றத்துக்கு அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா நீங்கள்தான் ரயில் ஏற வேண்டும். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று 63-வது பிரிவு சொல்கிறது. அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, நீதிமன்றம் பார்த்துத்தான் கொடுக்கும் வகைக் குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இரண்டு வழி இருக்கிறது. அவருக்கு எழுதுங்கள். இன்ஸ்டாகிராமில் கைகூப்பும் பொம்மை போட்டு ஒரு வரி அனுப்புவது போதாது, ஈமெயிலாக எழுதுங்கள். ‘நீங்கள் இந்தத் தேதியில் வெளியிட்ட இந்தப் படத்தை அடிப்படையாக வைத்து ஆறடிக்கு நாலடி ஓவியம் ஒன்று வரைந்திருக்கிறேன், படம் இணைத்திருக்கிறேன். இது ஓட்டலில் நிரந்தரமாக மாட்டப்படும். உங்கள் பெயர் படத்தின் பக்கத்தில் இருக்கும். இதற்கு அனுமதியும், தொகை ஏதும் எதிர்பார்த்தால் எவ்வளவு என்றும் தெரிவியுங்கள்’. அச்சுப்படம், கோப்பை எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்பதும் வேண்டும். எழுத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். போட்டோக்காரர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்காமல் செய்ததில்தான் அவர்களுக்குக் கோபம்.

மறுத்துவிட்டார் என்றால், அல்லது பதிலே இல்லை என்றால், அந்த வீட்டு முன்னால் நீங்களே போய் நில்லுங்கள். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரம்தானே. காலை வெயிலில் பாருங்கள், அது வலது பக்கத் தூணில் விழும். பதில் வரவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, அடுத்த வேலைக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையையோ, கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பத்தையோ, உயிரோடிருக்கும் ஸ்தபதி போன வருஷம் செய்ததானாலும், அனுமதியில்லாமல் வரையலாம், போட்டோ எடுத்து விற்கலாம். ஆனால் அதையே சின்னப் பொம்மையாக வார்த்து விற்க முடியாது. பொதுச் சுவரில் வரைந்த ஓவியங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சட்டம் அதில் சிற்பத்தையும் கைவினைப் படைப்பையும்தான் சொல்கிறது. மும்பைச் சுவர் ஓவியம் ஒன்றைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திய நிறுவனத்தை அதை நீக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது.

கடைசியாக ஒப்பந்தம். இணைத்து அனுப்பியிருந்தீர்கள், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ‘படங்களில் மூன்றாம் நபர் உரிமை ஏதும் இல்லை என ஓவியர் உறுதியளிக்கிறார், வழக்கு வந்தால் ஓட்டலுக்கு ஏற்படும் செலவு முழுவதையும் ஓவியரே ஏற்பார்’ என்று ஒரு பிரிவு. அதில் அப்படியே கையெழுத்துப் போட்டால் பூனையும் செருப்பும் உங்கள் தலையில். ‘இணைப்பில் குறிப்பிட்டுள்ள மூலப்பொருள்கள் தவிர’ என்று சேர்க்கச் சொல்லுங்கள், இணைப்பில் ஒவ்வொரு படத்திலும் என்னென்ன இருக்கிறது, எது பொதுச் சொத்து, எதற்கு அனுமதி வாங்கியது என்று எழுதிக் கொடுங்கள். பொறுப்புக்கு உச்சவரம்பாக உங்கள் கூலித் தொகையை வையுங்கள்.

அதைவிடப் பெரியது ஒன்று. ஐயா போட்டோவில் உங்களுக்குச் சாதகமாக இருந்த அதே 17-வது பிரிவு இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதன் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர். அதாவது இந்த ஒன்பது படங்களையும் அச்சுப்படமாகவோ கோப்பையிலோ போட்டு விற்கும் உரிமை ஓட்டலுக்குத்தான் போகும். நாளைக்கு உங்கள் சொந்தப் படத்தை நீங்களே அச்சடிக்க அவர்களைக் கேட்க வேண்டிவரும். வரைந்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் மட்டும் 57-வது பிரிவில் உங்களிடம் தங்கும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டபோது, அந்தப் பிரிவை வைத்துத்தான் 2005-ல் ஜெயித்தார். ஆனால் அது வருமானம் தரும் உரிமை அல்ல.

உங்கள் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை. இல்லாவிட்டால் சட்டம் சொல்வதுதான். ஆகவே இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘படங்களின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், சுவரில் காட்சிக்கு வைக்கவும் தன் விளம்பரத்தில் பயன்படுத்தவும் ஓட்டலுக்கு உரிமை உண்டு, அச்சுப்படம், கோப்பை விற்பனைக்குத் தனி ஒப்பந்தம்’. முன்பணம் வாங்குவதற்கு முன்னால் இதைப் பேசிவிடுங்கள். வாங்கிய பிறகு பேசினால் அவர்கள் கேட்கிற மாதிரிதான் முடியும்.